இரைச்சலுக்கு ஒரு மண்டகப்படி

ஸ்ஸ்ஸ் என்று கேட்டது. ஹெட்போனை மாட்டியிருந்த பிரம்மசக்தி கண்ணைத் திறக்காமலே ஒரு விரலைத் தூக்கி, "இந்தா, வந்துட்டு" என்றாள். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்ததும் சீறி அடங்குமே, அதை அடங்கவிடாமல் யாரோ நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டே போகிற மாதிரியான சத்தம் அது என்பாள். அதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அவள் கண்ணைத் திறந்தாள். எதிரே மேசைமேல் தகரப் பெட்டியின் முதுகில் இரண்டு கண்ணாடி வால்வுகள் சிவந்து எரிந்துகொண்டிருந்தன. அதற்குப் பின்னால் சால்டரிங் கோலைக் கையில் பிடித்தபடி, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிறவர் முகத்தோடு அவள் வீட்டுக்காரர் ஆவுடையப்பன் உட்கார்ந்திருந்தார்.

"எந்தப் பக்கம்?"

"ரெண்டு பக்கமும்."

"நேத்து இடது பக்கம் கூடன்னு சொன்ன."

"நேத்து அப்படி இருந்துச்சு. இன்னைக்கு ரெண்டும் சமாதானமாப் போயிட்டு" என்று ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு அவள் கீரை ஆயப் போனாள்.

ஆவுடையப்பனுக்கு ஐஸ் கம்பெனியில் ராத்திரி வேலை. ஊர் தூங்கும்போது அவர் அமோனியா கம்ப்ரசருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முள் மேலேயும் ஏறாமல் கீழேயும் இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊர் விழித்ததும் வீட்டுக்கு வந்து தூங்க வேண்டும். இந்தத் தலைகீழ்ப் பிழைப்பில் தூக்கமும் முழுசாக வராமல் விழிப்பும் முழுசாக வராமல், இரண்டுக்கும் நடுவில் இருந்த ஒரு மங்கலான இடத்தில் அவர் பல வருஷமாகக் குடியிருந்தார். அந்த இடத்தில் அவருக்குத் துணை ரேடியோப் பெட்டிகள்தான். யாரிடமும் போய்ப் படித்ததில்லை. பழைய சாமான் கடையில் கிடைத்ததைப் பிரித்துப் பிரித்தும் ஷாக் வாங்கி வாங்கியும் கற்றுக்கொண்ட தொழில். காலையில் வந்து குளித்துவிட்டு, படுக்கும் முன்னால் ஒரு மணி நேரம் நாதஸ்வரம் கேட்க வேண்டும், சுவரோடு சுவர் ஒட்டி வீடுகள் இருந்த அந்த வளவில் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் கேட்க வேண்டும், வாசிக்கிறவர் மூச்சு எடுப்பதுகூடக் காதில் விழ வேண்டும் என்று ஆசைப்பட்டு இந்த ஹெட்போன் பெட்டியைக் கட்டினார்.

கட்டி முடித்ததும்தான் சிக்கல் வந்தது. பெட்டி சுத்தமாகப் பாடுகிறதா என்று எந்தக் காதைக் கேட்பது? தன் காதைக் கம்ப்ரசர் என்றைக்கோ மென்று துப்பிவிட்டது என்று அவர் முடிவு கட்டியிருந்தார். அதனால் வீட்டில் இருந்த நல்ல காதை, அதாவது பிரம்மசக்தியின் காதை, மீட்டராக வைத்துக்கொண்டார். அவர் மாட்டிப் பார்த்தால் ஹெட்போனுக்குள் மத்தியான நேரத்துக் கோயில் பிராகாரம் மாதிரி அமைதி. சரிதான், நம் காது அவ்வளவுதான் என்று கழற்றிவிடுவார். அவள் மாட்டிப் பார்த்தால் இரைச்சல். மீட்டர் சொன்னால் சொன்னதுதான். ஒரு தரத்துக்கு மூன்று தரம் கூப்பிட்டால்தான் அவள் திரும்பிப் பார்ப்பாள் என்பதை அவரும் வளவும் வேறு விதமாகக் கணக்கில் வைத்திருந்தார்கள். அவள் யோசனைக்காரி, அவ்வளவுதான்.

ஆக, அந்தக் கோடை முழுவதும் அவர் இரைச்சலைத் துரத்தினார். வால்யூமை அடியோடு குறைத்துவிட்டு, "இப்ப?" என்று கேட்டார். இருக்கு என்றாள். வால்யூமைக் குறைத்தும் இரைந்தால் கோளாறு அதற்குப் பின்னால் இருக்கிறது என்று அர்த்தம், ஆகவே பின்னால் இருந்த எல்லாவற்றையும் மாற்றினார். இடது வால்வை வலப்பக்கமும் வலது வால்வை இடப்பக்கமும் மாற்றிச் செருகினார், இரைச்சல் பக்கம் மாறினால் வால்வுதான் திருடன் என்பது அவர் கணக்கு. அவளோ, "அருவிக்குக் கொஞ்ச தூரம் முன்னாடி பஸ்ல வரும்போது கேக்குமே, இப்ப அந்த மாதிரி" என்றாள். அந்த அருவிக்காக அவர் கண்டன்சர்களை மாற்றினார். "நெல்லு அளக்கும்போது மரக்கால்ல இருந்து சரியுமே" என்றாள். அந்த நெல்லுக்காக ரெசிஸ்டர்களை எல்லாம் பிடுங்கிப் புதுசு வைத்தார். டிரான்ஸ்பார்மரைத் தனியாகக் கழற்றிச் சுவர்ப் பக்கம் தள்ளிவைத்தார். பென்சிலால் வால்வைத் தட்டினார், தட்டினால் டிங் என்று மணி மாதிரிக் கேட்கும், அந்த மணிக்குப் பின்னாலும் அது இரைந்தது. கடைசியில் ஒரு நாள், வெறுத்துப்போய், பிளக்கையே பிடுங்கிவிட்டு அவளிடம் ஹெட்போனை நீட்டினார்.

"இப்ப எப்படி இருக்கு?"

"இருக்கு."

"ஏட்டி, கரண்டே இல்ல."

"கரண்டு இல்லாட்டி என்ன? இது இல்லாமலும்தான இரையுது" என்று அவள் ஹெட்போனைக் கழற்றினாள். "இந்தா, இப்பவும் இரையுது. எல்லாருக்கும் அப்படித்தான?"

ஆவுடையப்பன் சால்டரிங் கோலைக் கீழே வைத்தார்.

"எல்லாருக்கும் எப்படி?"

"காதுக்குள்ள. ஸ்ஸ்ஸ்னு. காலையில இருந்து ராத்திரி வரைக்கும். மக காலேஜ் சேர்ந்த வருஷம் ஒரு காய்ச்சல் வந்துச்சே, அப்ப இருந்து. வயசானா எல்லாருக்கும் வரும்போலன்னு நினைச்சேன். உங்களுக்கு இல்லையா?"

இல்லை என்று சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. எட்டொன்பது வருஷமாக ஒரே வீட்டில் மூன்றாவதாக ஒரு ஆள் குடியிருந்து, சாப்பாட்டு நேரத்திலும் படுக்கை நேரத்திலும் விடாமல் பேசிக்கொண்டிருந்திருக்கிறது, தான் மட்டும் அதற்கு அறிமுகமாகவே இல்லை என்பது கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. கோளாறு எங்கே என்று தெரிந்துவிட்ட ரிப்பேர்க்காரருக்கு வருகிற சந்தோஷமும் அடியில் இருந்ததை மறைப்பானேன். பெட்டியில் இரைச்சல் இருந்தால் என்ன செய்வோம்? நன்றாக எர்த் கொடுப்போம். அவர் யோசித்தது அவ்வளவுதான்.

சுண்ணாம்புக்கார வளவில் எட்டு வீடு. எட்டு வீட்டுக்கும் பின்பக்கத்தில், குழாயடிக்கும் வாழைக்கும் நடுவில், ஒரே ஒரு எர்த் குழி. உப்பும் கரியும் போட்டு மூடி, கோடையில் மண் காய்ந்துபோகாமல் முறை வைத்து ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவார்கள். அந்தக் குழிக் கம்பியில் ஒரு நீள ஒயரை முறுக்கி, மறுமுனையில் கிளிப் வைத்து, ஆவுடையப்பன் பிரம்மசக்தியை முக்காலியில் உட்காரச் சொன்னார்.

"என்னைய என்ன கிரைண்டர்னு நினைச்சியளா?"

"காலை நீட்டு. மெட்டியில மாட்டப்போறேன். இதுல கரண்டு கிடையாது, பயப்படாத."

"கரண்டுக்கு யாரு பயந்தா? இத யாராவது பாத்தா உங்களைய என்ன சொல்லுவாங்கன்னுதான் பாக்கேன்."

கிளிப் மெட்டியைக் கவ்வியது. ஆற்றில் குளித்துவிட்டுத் தலையைச் சாய்த்துக் குதித்தால் காதில் நின்ற தண்ணீர் சூடாக வழியுமே, அந்த மாதிரி ஏதோ ஒன்று காதிலிருந்து கழுத்து, கழுத்திலிருந்து இடுப்பு, இடுப்பிலிருந்து பாதம் என்று இறங்கிப்போனதாகப் பிரம்மசக்தி பிறகு சொன்னாள். ஒயர் லேசாக நடுங்கியது. குழிப் பக்கம் நின்ற வாழை, காற்றே இல்லாமல், தலையை ஒரு தரம் ஆட்டியது.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பினாள். பிறகு, "சுவர்க்கடிகாரம் ஓடுது" என்றாள். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "உங்களுக்கு மூச்சு வாங்கும்போது விசில் அடிக்குது. என்னைக்கு இருந்து?" என்றாள்.

அந்த வாரத்தில் ஆவுடையப்பனின் குடும்ப வாழ்க்கை ரொம்பவும் மாறிப்போனது. அவள் முதுகுப்பக்கம் நின்று நிம்மதியாக முணுமுணுக்கிற சுகம் அவருக்கு இத்தனை வருஷமாக இருந்தது. குழம்பைப் பற்றி, அவள் அண்ணனைப் பற்றி, பொதுவாக உலகத்தைப் பற்றி. இப்போது அடுப்படியிலிருந்து பதில் வந்தது. "உப்பு அந்தா தட்டுல இருக்கு, போட்டுக்கிடுங்க. எங்க அண்ணன் சவம்னா அந்தச் சவம் வாங்கிக் குடுத்த சைக்கிள்லதான் நீங்க வேலைக்குப் போறிய." ஆனால் பெங்களூரில் இருந்த மகள் கூப்பிட்டபோது நடந்ததுதான் பெரிசு. எல்லாரும் போலவே மகளுக்கும் பேச்சின் முடிவில் குரல் இறங்கிவிடும்; அந்த இறங்கின பாகத்தைப் பிரம்மசக்தி இதுவரை கேட்டதே இல்லை, அது என்னவாக இருந்தாலும் "சரிட்டி, வச்சிரு" என்பாள். அன்றைக்குத்தான் தெரிந்தது, மகள் ஒவ்வொரு தடவையும் கடைசியில் "நீ சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அதற்கு இத்தனை வருஷமாகக் கிடைத்த பதில் "சரிட்டி, வச்சிரு". பிரம்மசக்தி போனைப் பிடித்துக்கொண்டு, "சாப்பிட்டேன், சாப்பிட்டேன்" என்று சேர்த்துவைத்த பாக்கி எல்லாவற்றுக்குமாகச் சொன்னாள்.

இந்தப் பக்கம் இப்படி இருக்க, மண்ணுக்குள் இறங்கின இரைச்சல் மண்ணோடு போய்ச் சேரவில்லை. பொதுக் குழியில் விட்டது பொதுவுக்குத்தானே வரும். முதலில் வாழை இரைந்தது, யாரும் கண்டுகொள்ளவில்லை. பிறகு குழாய் இரைந்தது. தண்ணீர் வருவதற்கு முன்னால் குழாய் எப்படிச் சீறுமோ அச்சுப் பிசகாமல் அப்படி. வளவே குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து வரிசையில் நின்று, யார் முதலில் வந்தது என்று சண்டையும் போட்டு முடித்தபின், சொட்டுத் தண்ணீர் வராமல் திரும்பிப் போனது. மூன்று நாள் இப்படியே ஏமாந்த பிறகு, மகராசி ஈரக் காலோடு போய் வீட்டில் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். இரைச்சல் எர்த் கம்பி வழியாக அவள் காதில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

மகராசி நான்காவது வீடு. வளவின் செய்திகள் அவள் வழியாகத்தான் போகும், வரும். காதில் இரைச்சலோடு அவள் குழாயடிக்கு வந்தபோது, எல்லாரும் பேசுவது வாயசைப்பாகத் தெரிந்ததாம். தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று உடனே புரிந்துகொண்டாளாம்.

"யாரு வீட்டுச் சாமான் இது?" என்று வளவு நடுவில் நின்று சத்தம் போட்டாள். தனக்குக் கேட்காததால் சத்தம் ரெண்டு தெருவுக்குப் போனது. "யாரு வீட்டுச் சாமானோ அவங்க வந்து எடுத்துக்கிடட்டும்."

கூடிவிட்டார்கள். குழிக் கம்பியில் முறுக்கிக் கிடந்த ஒயர் ஆவுடையப்பன் வீட்டைக் காட்டிக்கொடுக்க, மெட்டியில் மாட்டின கதையைப் பிரம்மசக்தியே சொல்லிவிட்டாள். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்ற பொன்னுலிங்கம், எட்டாவது வீட்டு வாசலை விட்டு இறங்காமலே தீர்ப்புச் சொன்னார். "எர்த்துன்னா அது பூமிக்குப் போகணும் வே, அடுத்த வீட்டுக்கு இல்ல. குழியில எதிர்ப்பு ஜாஸ்தி, அதான் வெளிய தள்ளுது. கம்பியைத் திருப்பி அந்தப் பொம்பள கால்ல மாட்டுங்க. வந்த வழியே போயிரும்."

எல்லாரும் பிரம்மசக்தியைப் பார்த்தார்கள். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "குடுங்க, எனக்குப் பழக்கம்தான" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் ஆவுடையப்பனுக்கு அந்த மகளும் அந்தப் போனும் அந்த "சாப்பிட்டியாம்மா"வும் ஞாபகத்துக்கு வந்தன. வாயைத் திறந்தார். வளவில் பத்துப் பேர் முன்னால் பேசி அவருக்குப் பழக்கமில்லை, மூடிக்கொண்டார்.

அப்போது ஐந்தாவது வீட்டுச் சண்முகவேலாயுதம் தொண்டையைச் செருமினார். கூட்டுறவு வங்கியில் வேலை, அதைவிட முக்கியமாகக் கோயில் திருவிழாக் கமிட்டியில் இருப்பவர். எந்தப் பிரச்சனைக்கும் அவரிடம் திருவிழாவில் ஒரு வழி இருக்கும்.

"ஒரு சாமி, பத்துத் தெரு. பத்துத் தெருவும் சாமியைப் பிய்ச்சா எடுத்துக்கிடுது? ஒரு நாளைக்கு ஒரு தெருக்காரன் மண்டகப்படி ஏத்துக்கிடுதான். அன்னைக்குச் சாமி அவன் பொறுப்பு, பூவும் விளக்கும் சுண்டலும் அவன் பொறுப்பு. மறுநாள் அடுத்த தெரு. இதையும் அப்படி வச்சிக்கிடுவோம். ஒரு வீட்டுக்கு ஒரு வாரம். வெள்ளிக்கிழமை காலையில கைமாத்தணும். பிரம்மசக்தி எத்தனையோ வருஷம் தனியா மண்டகப்படி பண்ணிட்டா, அதனால அவ வீட்டுக்குக் கடைசி முறை."

"இதுல எங்களுக்கும் மண்டகப்படி உண்டா அண்ணாச்சி?" என்றார் ஏழாவது வீட்டுத் தையல்காரர் நாகூர்கனி. "திருவிழாவுல எங்களுக்குத் தரமாட்டிய, இதுக்கு மட்டும் முதல் மரியாதை."

"எர்த்து உமக்கும் சேர்த்துத்தான வே ஓடுது."

"அப்ப சரி. பரிவட்டம் நானே தச்சுக்கிடுதேன்."

"நானெல்லாம் சேரமாட்டேன்" என்றார் பொன்னுலிங்கம். "என் வீட்டு எர்த்தை இப்பவே கழட்டிட்டேன்." ஆகவே எட்டு வீட்டு மண்டகப்படி ஏழு வீட்டு மண்டகப்படியானது, நாகூர்கனிக்கு அடுத்த முறை நேராகப் பிரம்மசக்தி வீட்டுக்கு என்று ஆனது. அது இன்னும் எத்தனையோ வெள்ளி தள்ளி இருக்கிறது என்று ஆவுடையப்பன் தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டார்.

பிறகு வளவு அதற்குப் பழகிய கதையைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்புவார்களோ என்னவோ, வளவுக்காரர்களுக்கு அதில் ஆச்சரியப்பட நேரம் இல்லாமல் போய்விட்டது. முறை வந்த வீட்டில் முதல் நாள் முகம் சுளிப்பார்கள், இரண்டாம் நாள் பஞ்சு வைத்துப் பார்ப்பார்கள், மூன்றாம் நாள் பிரம்மசக்தியிடம் வந்து இதை எப்படி வைத்துக்கொள்வது என்று கேட்பார்கள். நான்காம் நாள் அதைப் பற்றிப் புகார் சொல்லும்போதே குரலில் ஒரு பெருமை வந்துவிடும். மகராசி வாயசைப்பைப் பார்த்துப் படிக்கக் கற்றுக்கொண்டு, தெருக்கோடியில் நடக்கிற பேச்சையும் இங்கிருந்தே அறிந்துகொள்கிற நிலைக்கு வந்தாள், அவளிடமிருந்து இரைச்சலை வாங்க அடுத்த வீட்டுக்காரர்கள் அவசரப்பட்டது அதனால்தான். சண்முகவேலாயுதம் தன் வாரத்தில் வங்கிக்குப் போய், மேனேஜர் சொன்னது எதுவும் காதில் விழாமல் எல்லாவற்றுக்கும் யோசித்து யோசித்துத் தலையாட்டினார். ஆழமான மனிதர் என்று அவருக்கு அங்கே பேர் வந்துவிட்டது. மூன்றாவது வீட்டில் இரவெல்லாம் கத்தும் ஒரு கைக்குழந்தை உண்டு. அந்த வீட்டு முறையில் தகப்பன் காதில் இரைச்சல், தாய் காதில் அழுகை, பிள்ளை வழக்கம்போல. தகப்பன்காரன் மட்டும் ஒரு சுற்றுப் பெருத்தான். வெள்ளிக்கிழமை கைமாற்றும்போது சுண்டல் கொடுப்பது தானாகவே ஏற்பட்டது. பெண்களுக்கு மெட்டியில் கிளிப், ஆண்களுக்கு வெள்ளி அரைஞாணில். இருக்கிறவர் குழி ஈரத்தில் காலை வைப்பார், வாங்குகிறவர் கிளிப்பை மாட்டிக்கொள்வார், ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் மண் வழியாக ஒரு காதிலிருந்து இறங்கி இன்னொரு காதில் ஏறும். நாகூர்கனிக்கு மெட்டியும் இல்லை, அரைஞாணும் இல்லை. தையல் கத்திரியை மார்போடு பிடித்துக்கொண்டு அதில் மாட்டச் சொன்னார்.

அவரைத்தான் அது ரொம்பப் படுத்தியது. வெளியே மழை பெய்வதாகவே அவர் காது நினைத்தது. பட்டன் தைத்துக்கொண்டிருக்கும்போது எழுந்து ஓடிப்போய்க் கொடியில் கிடந்த துணியை எல்லாம், தன்னுடையது பிறத்தியாருடையது என்று பார்க்காமல், வாரிக்கொண்டு வந்து உள்ளே போடுவார். சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருக்கும். ஒரு வாரம் முழுக்க வளவில் யார் துணியும் காயவில்லை.

இதற்கிடையில் வளவுக்குச் சில வழக்கங்கள் வந்து ஒட்டிக்கொண்டன. இரைச்சல்காரரிடம் பேசுவதானால் முதுகுப்பக்கமிருந்து கூப்பிடக்கூடாது. எதிரே வந்து, தோளைத் தொட்டு, முகத்தைப் பார்த்து, வார்த்தையைக் கடைசிவரை விழுங்காமல் சொல்ல வேண்டும். இந்த வாரம் யாரிடம் இருக்கிறது என்பது நாளாக ஆக எல்லாருக்கும் குழம்பிப்போனதால், எதற்கு வம்பு என்று எல்லாரிடமும் எல்லாரும் அப்படியே பேசத் தொடங்கினார்கள். வளவில் ஒரு சண்டை போடுவதற்குக்கூட இப்போது எதிரே போய் நின்று, தோளைத் தொட்டு, முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. பாதிச் சண்டைகள் தோளைத் தொட்ட இடத்திலேயே சப்பென்று போய்விட்டன, அதில் மகராசிக்கு வருத்தம்.

பிரம்மசக்தி இந்த நாட்களை எல்லாம் சிறுகச் சிறுகச் செலவழித்தாள். காலையில் ஆவுடையப்பன் படுத்ததும், அவர் கட்டின பெட்டியை மூட்டி, வால்வு சிவக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாதஸ்வரம் கேட்டாள். "மூச்சு எடுக்காரு" என்று தனக்குள் சொல்லிக்கொள்வாள். அரிசி கொதிக்கிறதை மூடியைத் திறக்காமல் கண்டுபிடித்தாள். மகளிடம், "கடைசி வார்த்தையை முழுங்காதட்டி, எல்லாத்தையும் சொல்லிட்டு வை" என்றாள். மகள், "என்னம்மா ஆச்சு ஒனக்கு, புதுசாப் பேசவிடுத" என்றாள். வெள்ளிகள் ஒவ்வொன்றாக வீட்டை நோக்கி நகர்ந்து வருவதை ஆவுடையப்பன் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வெட்கத்தை விட்டு எட்டாவது வீட்டுக்குப் போய், பொன்னுலிங்கத்துக்கு எதிரே நின்று, தோளைத் தொட்டு, ஒரே ஒரு வாரம் ஏற்றுக்கொள்ளக்கூடாதா என்று கேட்டார்.

"ஒரு வாரம் தள்ளிப்போடலாம். அப்புறம்?" என்றார் பொன்னுலிங்கம். "அப்புறம் உம்ம வீடுதான வே."

அது நியாயம்தான். ஆவுடையப்பன் திரும்பி வந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை, வேலை முடிந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவர் வளவுக்குள் நுழையும்போது, நாகூர்கனி குழியடியில் ஒரு காலை மண்ணில் வைத்து, கத்திரியோடு, நனைந்த மனிதரைப் போல நின்றுகொண்டிருந்தார். மகராசி சுண்டலோடு நின்றாள், சண்முகவேலாயுதம் குடத்தோடு நின்றார். துணி உலர்த்திக்கொண்டிருந்த பிரம்மசக்தி, வாளியை அப்படியே விட்டுவிட்டு வந்து முக்காலியில் உட்கார்ந்து, ஈரக் கையைப் புடவையில் துடைத்து, காலை நீட்டினாள். எதையோ முழுசாகக் கேட்டு முடித்துக்கொள்கிறவளைப் போல ஒரு பக்கம் தலையைச் சாய்த்திருந்தாள். வாழையில் ஒரு காக்கை அலகைத் தீட்டிக்கொண்டிருந்தது.

ஆவுடையப்பன் சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். கிளிப்பை எடுத்துக்கொண்டு அவள் காலடியில் குத்தவைத்தார். பிறகு எழுந்து, சட்டையைத் தூக்கி, அரைஞாணில் அதை மாட்டினார். மகராசி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"என்ன பண்ணுதிய?" என்றாள் பிரம்மசக்தி.

"வீட்டுக்கு ஒரு வாரம்னுதான பேச்சு. வீட்டுல யாருக்குன்னு பேச்சு இல்லையே."

"உங்க காதை ஐஸ் கம்பெனிக்குக் குடுத்தாச்சேன்னு சொல்லுவிய."

"அது நானா நினைச்சது. பெட்டியில ஒண்ணும் கேக்கலன்னு எனக்குத் தோணினது சரியாத்தான இருந்துச்சு. காது நல்ல காதுதான்" என்றார் ஆவுடையப்பன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். "அடுத்த சுத்து வந்தாலும் நம்ம வீட்டு முறை என் கணக்குதான். ஊத்தும் வே."

"ராத்திரி அங்கயும் இரைச்சல், பகல்ல இங்கயும் இரைச்சல்னா எப்பதான் தூங்குவிய?"

"இப்ப மட்டும் தூங்குதனா?"

சண்முகவேலாயுதம் குடத்தைச் சாய்த்தார். எட்டாவது வீட்டு ஜன்னலிலிருந்து, "தண்ணி பத்தாது, இன்னொரு குடம் ஊத்துங்க, மண்ணு காஞ்சு கெடக்கு" என்று குரல் வந்தது. இன்னொரு குடம் ஊற்றினார்கள்.

அரைஞாணில் குளிர்ச்சியாகத் தொடங்கி, விலாவில் கூச்சமாகி, முதுகில் எறும்பாக ஏறி, அது வந்து சேர்ந்தது. தோசைக்கல் என்று அவள் சொன்னதும், அருவிக்கு முன்னால் வருகிற பஸ் என்று சொன்னதும், மரக்காலில் இருந்து சரிகிற நெல் என்று சொன்னதும் எல்லாமே சரி. மீட்டர் ஒரு நாளும் தப்புச் சொல்லவில்லை. வளவு அப்படியே இருந்தது, ஆனால் ஒரு கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. காக்கை வாயைத் திறந்தது. கத்தல் எங்கோ சரிந்துகொண்டிருந்த நெல்லுக்குள் விழுந்து புதைந்தது. இதற்குள்ளேயே இருந்துகொண்டு ஒருத்தி சோறு பொங்கியிருக்கிறாள், மகளைக் கட்டிக்கொடுத்திருக்கிறாள், கூப்பிட்ட மூன்றாவது தடவைக்காவது திரும்பிப் பார்த்திருக்கிறாள்.

பிரம்மசக்தி எழுந்து வந்து எதிரே நின்றாள். தோளைத் தொட்டாள். முகத்துக்கு நேராக, ஒவ்வொரு வார்த்தையாக, முடிவை விழுங்காமல் பேசினாள்.

"பயப்படாதிய. பகல்ல வேலை பாத்தா அது தன் பாட்டுக்குக் கெடக்கும். படுத்தாத்தான் பேச்சுக்கு வரும். ஃபேனை ரெண்டாம் நம்பர்ல வைங்க, அதுவும் இதுவும் பேசிக்கிடும், நம்மள விட்டுரும். வெரட்டாதிய. வெரட்டினா கூடும்."

"இவ்வளவு நாளா இதைத் தனியாவா சமாளிச்ச?" என்றார் ஆவுடையப்பன். தன் குரல் பெரிசாக இருப்பது அவருக்குத் தெரியவில்லை, வளவே கேட்டது.

"இது ஒண்ணுன்னா பரவால்லயே. உங்களையும் சேர்த்துல்லா சமாளிச்சேன்."

நாகூர்கனி வெயிலை அண்ணாந்து பார்த்துவிட்டு, காய்ந்த கத்திரியைப் பையில் போட்டுக்கொண்டு சிரித்தார். மகராசி எல்லார் கையிலும் சுண்டல் வைத்தாள். ஆவுடையப்பன் குழியடியிலேயே, சட்டையை இறக்கிவிடவும் மறந்து, வந்த ஆளோடு பழகிக்கொண்டு நின்றார். பிரம்மசக்தி கொடிக்குப் போய், வாளியில் முறுக்கியபடி கிடந்த காக்கிச் சட்டையை எடுத்து, ஒரு உதறு உதறி, அந்த உதறலின் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வரும்வரை நின்று கேட்டுவிட்டு, கொடியில் போட்டாள். அடுத்ததை எடுத்தாள்.